விளையாட்டா, ஏஐயா, கலையா? நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு எதை எடுப்பது

கோடை விடுமுறை முடியப்போகும் நாட்களில் ஆசிரிய நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வரும். "அண்ணா, இந்த வருஷம் ஆறாம் வகுப்புக் கணக்கை முழுக்க விளையாட்டாவே நடத்தலாம்னு இருக்கேன், சரிப்பட்டு வருமா?" "சார், பாடக்குறிப்பு, வினாத்தாள் எல்லாத்தையும் ஏஐ போட்டுத் தருதாமே, பிள்ளைங்க கையிலயும் கொடுத்துரலாமா?" "நாடகம் போட்டா மறக்கவே மாட்டாங்கன்னு பயிற்சியில சொன்னாங்க. போர்ஷனை எப்ப முடிக்கிறது?"

மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம். அந்தப் பதிலால் யாருக்கும் உபயோகம் இல்லை. பதிவேடு, தேர்வுத்தாள், கூட்டம் எல்லாம் போக ஓர் ஆசிரியருக்குத் தயாரிப்புக்கென்று மிஞ்சும் நேரம் மிகக் குறைவு. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடலாம் என்று தெரிவதுதான் முக்கியம்.

நான் தமிழாசிரியர். கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த இரண்டு ஆண்டுகள் ஆறாம் வகுப்புக் கணக்கும் என் தலையில் இருந்தது. அதனால் மூன்று வழிகளையும் இரண்டு பாடங்களில் வைத்துப் பார்த்திருக்கிறேன்: ஆறாம் வகுப்பின் பின்னம், பத்தாம் வகுப்பின் அலகிடுதல் (செய்யுளின் சொற்களை அசை எனும் ஒலித்துண்டுகளாகப் பிரித்து வகை சொல்வது). இரண்டுமே பிள்ளைகள் பயப்படும் பாடங்கள். இந்த ஒப்பீட்டையும் அவற்றை வைத்தே செய்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோலுக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். அந்த நாற்பது நிமிடத்தில் பாடத்துக்கான யோசனையைச் செய்வது யார்? பிள்ளையா, ஆசிரியரா, கருவியா? பின்னத்தைக் கூட்டும் வேலை பிள்ளையின் தலைக்குள் நடக்கவில்லை என்றால், வகுப்பு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் அடுத்த வாரம் ஸ்லிப் டெஸ்டில் 1/2 + 1/3 = 2/5 என்றுதான் எழுதுவார்கள்.

இரண்டாவது, கடைசி பெஞ்சு. நன்றாகப் படிக்கிற பத்துப் பேர் எந்த முறையிலும் கற்றுக்கொள்வார்கள். மெல்லக் கற்போருக்கும் வாயே திறக்காத பிள்ளைக்கும் அந்த முறையில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தயாரிப்பு நேரம். நான்காவது, காசு, கருவி, நெட். ஐந்தாவது, கற்றார்களா என்று நமக்கு எப்படித் தெரியும் என்பது. சீட்டு, செல்போன், வேஷம் எதுவும் இல்லாமல் வெறும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் அந்தப் பிள்ளையால் செய்ய முடிய வேண்டும்.

## விளையாட்டு

விளையாட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறதோ அதை அது நன்றாகப் பழக்கிவிடும். வேறு எதையும் பழக்காது.

இதை அழகாகக் காட்டும் ஆய்வுகள் இரண்டு உண்டு. 2008இல் அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் ஏழைக் குடும்பங்களின் மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கட்ட விளையாட்டைக் கொடுத்தார்கள். வரிசையாக 1 முதல் 10 வரை கட்டங்கள். காயை நகர்த்தும்போது கட்டத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 15 நிமிட ஆட்டங்கள் நான்கு, இரண்டு வாரத்துக்குள். பிள்ளைகளின் எண் அறிவு தெளிவாக உயர்ந்தது. அதே விளையாட்டில் எண்ணுக்குப் பதில் வண்ணம் பூசிய கட்டங்களைக் கொடுத்த குழுவுக்கு அந்தப் பலன் இல்லை. காய், கட்டம், உற்சாகம் எல்லாம் ஒன்றுதான். எண்ணைச் சொன்னார்களா என்பதில்தான் வித்தியாசம்.

இரண்டாவது நம் நாட்டில் நடந்தது. டெல்லியில் 1,540 மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்த இந்த ஆய்வு 2017இல் வெளியானது. எண், வடிவ விளையாட்டுகளைச் சில மாதங்கள் விளையாடிய பிள்ளைகளுக்கு அளவுகளைக் கண்ணால் மதிப்பிடும் திறன் கூடியது; ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புக் கணக்கில் அவர்கள் மற்றவர்களைவிட முன்னே இல்லை. விளையாட்டில் பழகியது இலக்கங்களோடும் பாடத்தின் மொழியோடும் சேராமல் தனியே நின்றுவிட்டது.

இதைப் படித்த பிறகு என் பின்னச் சீட்டு விளையாட்டை மாற்றினேன். முன்பு வட்டத்தில் நிறம் பூசிய படங்களை ஜோடி சேர்ப்பது மட்டும் இருந்தது. இப்போது சீட்டில் 1/2, 1/3, 1/4, 1/6, 1/12 என்று எண்களே இருக்கும். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, கையில் உள்ள சீட்டுகளைச் சரியாக 1 ஆக்க வேண்டும். சீட்டை இறக்கும்போது கணக்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "அரை, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று; பன்னிரண்டில் ஆறு, நாலு, ரெண்டு, ஆக மொத்தம் பன்னிரண்டு." சொல்லத் தெரியாவிட்டால் சீட்டு செல்லாது. ஒரு பீரியடில் ஒரு பிள்ளை இருபது முறையாவது பின்னங்களின் பகுதியை (கீழ் எண்ணை) சமப்படுத்துகிறான். அதையே கரும்பலகையில் இருபது கணக்காகப் போட்டால் பாதி வகுப்பு தூங்கிவிடும்.

அலகிடுதலுக்கும் இதே மாதிரி சொற்சீட்டு உண்டு. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று சீர் வகைகளுக்கு நான்கு டப்பாக்கள். சீட்டில் உள்ள சொல்லை அசை பிரித்து உரிய டப்பாவில் போட வேண்டும். அசை பிரிக்க ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு இது வேகம் கொடுக்கிறது. நேரசை எது, நிரையசை எது என்றே புரியாத பிள்ளை பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் போடுகிறான். புதிதாக ஒன்றைப் புரியவைக்க விளையாட்டு போதாது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

மறைந்திருக்கும் செலவுகள்: முதல் முறை விதி சொல்லவே அரை பீரியட் போய்விடும். ஆகவே ஆண்டுக்குப் பத்து விளையாட்டு வேண்டாம். இரண்டை எடுத்து, சீட்டை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். சீட்டு வெட்டுவது ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குச் சத்தம் தொந்தரவு. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இவற்றைவிடப் பெரியது, எப்போதும் அதே நான்கு பேர் ஜெயிப்பது. மூன்றாவது முறை தோற்ற பிள்ளை மனத்துக்குள் விளையாட்டை விட்டு வெளியேறிவிடுகிறது. தனிப்பட்ட வெற்றிக்குப் பதில் குழுவுக்குப் புள்ளி, தாய ஆட்டம் மாதிரி கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்த விதி என்று வைத்தால் இது குறைகிறது.

திரையில் ஓடும் வினாடி வினா செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹைடெக் லேப் வேலை செய்கிற பள்ளியில் பாடம் முடிந்தபின் திருப்புதலுக்கு நல்லது. ஆனால் வேகத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் செயலி யோசிக்கிற பிள்ளையைத் தண்டிக்கிறது. கணக்குக்கு நேர வரம்பை எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

## செயற்கை நுண்ணறிவு

இங்கே கேள்வியையே இரண்டாக உடைக்க வேண்டும். பிள்ளையின் கையில் ஏஐ என்பது ஒன்று, ஆசிரியரின் கையில் ஏஐ என்பது வேறொன்று. இரண்டையும் ஒரே பேரில் பேசுவதால்தான் குழப்பம்.

பிள்ளையின் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் பார்த்தார்கள். பயிற்சி நேரத்தில் ஒரு குழுவுக்குச் சாதாரண சாட் ஏஐ. இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் அமைத்துக் கொடுத்த ஏஐ. மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சிக் கணக்குகளில் முதல் குழு 48 சதவீதமும் இரண்டாவது குழு 127 சதவீதமும் கூடுதலாகச் சாதித்தன. அப்புறம் ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண ஏஐ வைத்திருந்தவர்கள், எதுவுமே இல்லாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் தந்த ஏஐ குழுவுக்கு அந்த இழப்பு பெரும்பாலும் இல்லை. ஆனால் பெரிய லாபமும் இல்லை. என் முதல் அளவுகோலில் சாதாரண ஏஐ விழுவது இங்கேதான்: யோசனை செய்தது கருவி, பிள்ளை அல்ல.

கருவி வேறு மாதிரி அமைந்தால் கதையும் வேறு. 2019இல் வெளிவந்த ஒரு டெல்லி ஆய்வில் 6 முதல் 9ஆம் வகுப்புவரை உள்ள மாணவர்களுக்கு, அவரவர் இருக்கும் நிலையிலிருந்து கேள்வி கொடுக்கும் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை நான்கரை மாதம் கொடுத்தார்கள். கணக்கில் அவர்களின் முன்னேற்றம் மற்றவர்களுடையதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அவர்களில் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளே சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். நாற்பது பேருக்கு ஒரே பாடம் நடத்தும்போது நம்மால் செய்ய முடியாததை அந்த மென்பொருள் செய்தது: அவனவனுக்கு அவனவன் படியில் கேள்வி. ஆனால் அது பள்ளிக்கு வெளியே, தனி மையத்தில், ஒரு நாளைக்கு 90 நிமிடம். அதில் பாதி நேரம் சிறு குழுவாக ஒருவர் நேரில் பாடமும் சொல்லிக் கொடுத்தார். கருவியை மட்டும் வாங்கி வைத்தால் அதே பலன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி தமிழ். அலகிடுதலில் ஏஐயை நம்பாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "அகர முதல எழுத்தெல்லாம்" குறளை அலகிடச் சொல்லி நான் கேட்ட ஒரு செயலி, "எழுத்தெல்லாம்" என்பதை இரண்டே அசையாகப் பிரித்துப் புளிமா என்று சாதித்தது. எழுத்-தெல்-லாம், நிரை நேர் நேர், புளிமாங்காய் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். இன்னொரு நாள் நட்பு பற்றி ஐந்து குறள் கேட்டேன். ஒன்று வள்ளுவர் எழுதாதது. இதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கருவிகள் நம்மைப் போல எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி எண்களாக்கிக் கொள்கின்றன. அந்தத் துண்டும் அசையும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. தப்பையும் அவ்வளவு நம்பிக்கையான நடையில் சொல்வதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது.

ஆசிரியரின் கையில் வந்தால் நிலைமை மாறுகிறது. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளை என்ன நினைத்து எழுதுகிறது, அந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஐந்து கேள்வி கொடு என்று கேட்டால் நல்ல பட்டியல் வருகிறது. 1/8 பெரிதா 1/4 பெரிதா, எட்டு நான்கைவிடப் பெரிது என்பதால் 1/8 என்று சொல்கிறானா என்று சோதிக்கும் கேள்வியும் அதில் இருக்கும். ஒரே கணக்கை மூன்று நிலைகளில் மாற்றித் தருவது, நான் வகுத்த விளையாட்டுக்கு நாற்பது சீட்டு எழுதித் தருவது, பயணச் சூழலில் கேட்ட கணக்கைச் சந்தைச் சூழலுக்கு மாற்றுவது இதெல்லாம் அதற்குக் கைவந்த வேலை. எனக்கு ஒரு மாலை ஆகும் வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது. சரிபார்க்க இன்னொரு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதை விடவே கூடாது.

மறைந்திருக்கும் செலவு வீட்டில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பலருக்குச் செல்போன் என்றால் அப்பா வேலையிலிருந்து திரும்பிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம். அதிலும் அண்ணன் தங்கைக்குப் பங்கு உண்டு. ஏஐயில் செய்து வரச் சொல்லும் வீட்டுப்பாடம் வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடும். வயது வரம்பும் உண்டு: சாட்ஜிபிடி 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆறாம் வகுப்பு அத்துடன் வெளியே போய்விட்டது. பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், வீட்டு நிலைமை எதையும் அதில் தட்டச்சு செய்யாதீர்கள்.

## கலை

கலை என்றதும் ஆண்டு விழா மேடை நினைவுக்கு வருகிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா எத்தனையோ பிள்ளைகளை வெளியே கொண்டு வந்திருக்கிறது. ஆனால் அது போட்டி. நான் இங்கே சொல்வது பாடத்துக்குள் இருக்கும் கலை.

பின்னத்துக்கு எங்களிடம் இருந்தது ஒரு கடை நாடகம். படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று பழைய அளவுப் பாத்திரங்களை ஒரு பிள்ளையின் பாட்டி கொடுத்து அனுப்பினார். ஒருவன் கடைக்காரன், மற்றவர்கள் வாங்க வருகிறவர்கள், மணலே அரிசி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. "அரைக்கால் படி அரிசி குடுங்க" என்று ஒரு பெண் கேட்க, கடைக்காரன் விழிக்க, "காலில் அரை, அதான் அரைக்கால்!" என்று வகுப்பே கத்தியது. 1/2 × 1/4 = 1/8 என்பது நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பின்னத்தைப் பெருக்கினால் ஏன் சின்னதாகிறது என்று அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. நாற்பது நிமிடத்தில் அவர்கள் செய்த கணக்கு ஏழெட்டுதான், சீட்டில் செய்ததில் பாதிகூட இல்லை. புரிந்த ஆழம் வேறு.

அலகிடுதலில் கலைக்கு ஈடே இல்லை. நேர் வந்தால் ஒரு கைதட்டல், நிரை வந்தால் பெஞ்சில் இரண்டு விரைவான தட்டல். குறளைத் தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். முதலில் ஒரே கூச்சலாக இருக்கும். மூன்றாம் நாள் "பகவன் முதற்றே" இரண்டு சீரும் ஒரே மாதிரி ஒலிக்கிறதே என்று ஒரு பையன் சொன்னான். இரண்டும் புளிமா. அவன் பறையடிக்கப் பழகியவன், எழுத்துத் தேர்வில் பத்து மதிப்பெண் தாண்டாதவன். யாப்பு காதால் பிறந்தது. காது வழியாகப் போகும்போது அவனுக்கு அது அந்நியமாக இல்லை.

கடைசி பெஞ்சு அளவுகோலில் கலைதான் முன்னே நிற்கிறது. தன் குரலில் பேசத் தயங்கும் பிள்ளை கையில் ஒரு காகித பொம்மையை மாட்டிக்கொண்டால் பொம்மையின் குரலில் பேசிவிடுகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில், கலை வாய்ப்பு கூடிய பள்ளிகளில் ஒழுங்கு மீறல்கள் குறைந்தன, எழுத்துத் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது, பிறர்மேல் பரிவு கூடியது.

செலவு என்று பார்த்தால், கலை நேரத்தை விழுங்கும். வேஷமும் ஒத்திகையும் உள்ளே வந்ததும் பாடம் வெளியே போய்விடும். ஆகவே வேஷம் கிடையாது, பார்வையாளர் கிடையாது, அதே பீரியடில் தொடங்கி அதே பீரியடில் முடியும் என்று நான் விதி வைத்திருக்கிறேன். நன்றாகப் பாடும், ஆடும் பிள்ளைகளே முன்னால் வருவது இங்கும் உண்டு. மதிப்பிடுவது கடினம். ஆசிரியருக்குக் கூச்சம் இருந்தால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | விளையாட்டு | ஏஐ | கலை |
|---|---|---|---|
| யோசிப்பது யார் | பிள்ளை. எண்ணோ சொல்லோ ஆட்டத்துக்குள் இருந்தால் மட்டும் | பிள்ளை கையில் என்றால் பெரும்பாலும் கருவி | பிள்ளை. ஆழம் அதிகம், எண்ணிக்கை குறைவு |
| கடைசி பெஞ்சு | குழு ஆட்டமாக இருந்தால் சரி | செல்போன் இல்லாதவர் வெளியே | மூன்றில் சிறந்தது |
| தயாரிப்பு | முதல் முறை அதிகம், பிறகு குறைவு | குறைவு. சரிபார்ப்பு கட்டாயம் | பொருள் குறைவு, மனத்தயாரிப்பு அதிகம் |
| காசு, நெட் | அட்டை, கத்தரிக்கோல் | கருவி, டேட்டா | ஏறக்குறைய இல்லை |
| கற்றதை அறிவது | சுலபம் | கருவியை எடுத்துவிட்டுச் சோதித்தால்தான் தெரியும் | கடினம். தனியே எழுத வைக்க வேண்டும் |

## எந்த நிலைமைக்கு எது

புதிய கருத்தைத் தொடங்கும் நாளில் கலை. அதுவும் தமிழ், சமூக அறிவியல் என்றால் யோசிக்கவே வேண்டாம். புரிந்துவிட்டது, கை பழக வேண்டும் என்ற கட்டத்தில் விளையாட்டு. காலாண்டுத் தேர்வுக்கு முந்தின இரண்டு வாரமும் விளையாட்டுக்குரியவை. ஏஐயை இப்போதைக்கு ஆசிரியரின் வீட்டு மேசையிலேயே வைத்திருங்கள் என்பது என் முடிவு. விதிவிலக்காக நான் பார்ப்பது மேல்நிலை வகுப்புகளை: ஹைடெக் லேபில், நீங்கள் பக்கத்தில் நிற்க, பிள்ளை முதலில் தன் விடையைத் தாளில் எழுதிவிட்டு, பிறகு ஏஐயின் விடையில் தப்பு கண்டுபிடிக்கும் பயிற்சி. அலகிடுதலுக்கு இது அருமையாக அமைகிறது, ஏனென்றால் தப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வகுப்பில் நாற்பதுக்குப் பதில் அறுபது பேர், இடமும் இல்லை என்றால் நாடகத்தை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எழுந்திருக்கவே வேண்டாம். கூச்ச சுபாவம் உள்ள ஆசிரியர் விளையாட்டிலிருந்து தொடங்கலாம். ஐந்தாம் வகுப்புவரை தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டக் கையேட்டில் பாட்டும் செயல்பாடும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதையும் தேடாமல் அதில் உள்ளதை முழுதாகச் செய்தாலே போதும்.

ஈராசிரியர் பள்ளியில் இருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்திருக்கிறேன், எனக்கு எது? அவருக்கு விளையாட்டைத்தான் சொன்னேன். ஒரு குழு சீட்டோடு தானாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இன்னொரு குழுவின் பக்கத்தில் போய் உட்கார அவருக்கு நேரம் கிடைக்கும். அந்தச் சீட்டுகளை ஏஐ எழுதித் தரட்டும். வெட்டுகிற வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம், அவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.